காக்கா, தாத்தா ஆகும்போது

மழலை என்று ரசிப்பதா, குறை என்று பதறுவதா? குழந்தையின் தவறான உச்சரிப்பில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. அதைக் கண்டுபிடிப்பதில் தொடங்குகிறது பேச்சுச் சிகிச்சை. கண்டுபிடிக்க வேண்டுமானால் குழந்தையின் வீட்டு மொழி தெரிந்திருக்க வேண்டும்.

பெங்களூரில் ஒரு மாடி வீடு. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நிற்கிறான் நான்கரை வயதுப் பையன். எதிர் மதில்மேல் ஒரு காகம். "பாட்டி, தாத்தா வந்திருக்கு!" என்று கத்துகிறான். சாய்வு நாற்காலியில் இருக்கும் நிஜத் தாத்தா நிமிர்ந்து பார்க்கிறார். "தாத்தாவாடா அது?" என்று பாட்டி சீண்ட, பையனுக்குக் கோபம் வருகிறது. "தாத்தா இல்ல பாட்டி, தாத்தா!" என்று காலை உதைக்கிறான்.

இரண்டு வருடம் முன்பு வீடே இதைக் கேட்டுச் சிரித்தது. இன்று அம்மாவால் சிரிக்க முடியவில்லை. 'கை' அவனுக்குத் 'தை'. 'கோடு' அவனுக்குத் 'தோடு'. பையனின் பெயர் ககரத்தில் தொடங்குகிறது. எல்.கே.ஜி. வகுப்பில் அவன் தன் பெயரைச் சொன்னால் மற்றப் பிள்ளைகள் அதையே திருப்பிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சில வாரங்களாக, யாராவது பெயரைக் கேட்டால் அவன் அம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொள்கிறான்.

இப்படி ஒரு பிள்ளை எல்லா ஊரிலும் உண்டு. இவர்களுடைய கோளாறுக்குப் பேச்சொலிக் கோளாறு என்று பெயர். அறிவுக் குறை என்று இதற்குப் பொருளல்ல. பெரும்பாலான குழந்தைகளுக்குக் காது, நாக்கு, அண்ணம் எதிலும் பழுது காண முடியாது. காரணம் இன்னதென்று மருத்துவத்தால் சுட்டிக்காட்ட முடியாத குழந்தைகளே அதிகம். அதனால்தான் பழி குழந்தையின் மீது விழுகிறது. சோம்பேறி, செல்லம், வேண்டுமென்றே செய்கிறான் என்கிறார்கள். ஆறுதல் சொல்ல வருபவர்கள் குமரகுருபரரை அழைத்து வருகிறார்கள். ஐந்து வயது வரை பேசாமலிருந்து திருச்செந்தூரில் வாய் திறந்தார் என்று வழிவழியாகச் சொல்லப்படும் அவரைச் சொல்லியே எத்தனையோ குழந்தைகளின் நாட்கள் வீணாகியிருக்கின்றன.

மழலையைக் குழலுக்கும் யாழுக்கும் மேலே வைத்தவர் வள்ளுவர். ஆனால் மழலைக்கும் ஒரு வயது உண்டு. எந்த வயது வரை ரசிக்கலாம், எப்போது உதவி தேட வேண்டும் என்பதுதான் கேள்வி.

வயதுக் கணக்கு

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஷேரன் மெக்லியோடும் கேத்ரின் குரோவும் 2018இல் ஒரு பெரிய தொகுப்பாய்வை வெளியிட்டார்கள். 27 மொழிகள், 31 நாடுகள், 26,007 குழந்தைகள், 64 ஆய்வுகள். அதில் தெரியவந்த செய்தி பெற்றோருக்கு ஆறுதலும் தரும், எச்சரிக்கையும் தரும். உலகின் எந்த மூலையில் பிறந்தாலும் குழந்தை தன் மொழியின் மெய்யொலிகளில் பெரும்பாலானவற்றை 5 வயதுக்குள் பிடித்துவிடுகிறது. ப, ம, த, ந போன்றவை முதலில் வருகின்றன. உரசி வரும் ஸ, ஷ போன்றவையும் நாக்கு நுனி அதிர்ந்து வரும் ஒலிகளும் தாமதமாக வருகின்றன.

ஆகவே மூன்று வயதுக் குழந்தை 'மரம்' என்பதை 'மயம்' என்றால் பதற வேண்டியதில்லை. ரகரத்துக்கு இன்னும் நேரமிருக்கிறது. ககரத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. ககரம் தகரமாவது சின்ன வயதில் சகஜம்தான் என்றாலும், சாதாரணமாக மூன்றரை வயது வாக்கில் அது தானாக மறைந்துவிட வேண்டும். நான்கரை வயதிலும் காக்கா தாத்தாவாகவே இருந்தால், காத்திருப்பதில் லாபமில்லை.

முதல் சந்திப்பு

பேச்சுச் சிகிச்சையாளரின் அறைக்குள் நுழையும் பெற்றோர், நாக்குக்கு ஏதோ பயிற்சி தருவார்கள் என்ற எண்ணத்தோடு வருகிறார்கள். ஆனால் முதல் அரை மணி நேரம் கேள்விகளிலேயே போய்விடுகிறது. பிரசவம் எப்படி? குழந்தை உடனே அழுததா? முதல் சொல் எப்போது வந்தது? காதில் சீழ் வடிந்ததுண்டா? குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா? வீட்டில் எந்த மொழி, பள்ளியில் எந்த மொழி, வேலைக்கு வரும் அம்மாள் எந்த மொழியில் பேசுகிறார்? இந்தக் கடைசிக் கேள்வி ஏன் என்று பெற்றோருக்குப் புரிவதில்லை. அதற்கான பதில் பின்னால் வருகிறது.

அடுத்தது காது. பேச்சில் குறையுள்ள எந்தக் குழந்தைக்கும் செவித்திறன் சோதனை கட்டாயம். சின்னக் குழந்தைக்கு இதுவும் விளையாட்டுத்தான். ஹெட்போனில் சத்தம் கேட்டவுடன் ஒரு மரக்கட்டையை டப்பாவில் போட வேண்டும். அடிக்கடி சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்துக்கொள்ளும் குழந்தைகளுக்கு உலகம் மந்தமாகத்தான் கேட்கிறது. ஸ, ஷ போன்ற மெல்லிய ஒலிகளைக் கேட்காத பிள்ளை எப்படிச் சொல்லும்?

பிறகு வாய். உதடு குவிகிறதா, நாக்கு மேலும் கீழும் பக்கவாட்டிலும் போகிறதா, பல்வரிசை எப்படி, 'ஆ' சொல்லும்போது உள்நாக்கும் மெல்லண்ணமும் உயர்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பார்க்கிறார்கள். மேலே தோல் மூடியிருக்க, உள்ளே தசை சேராத மறைவான அண்ணப் பிளவு சில குழந்தைகளுக்கு இருப்பது இந்தச் சோதனையில்தான் தெரியவரும்.

அதன் பிறகே படங்கள் வெளியே வருகின்றன. பூனை, கத்தி, தக்காளி, மூக்கு, கரடி, நகம், பழம். குழந்தை ஒவ்வொரு படத்துக்கும் பெயர் சொல்லச் சொல்ல, சிகிச்சையாளர் அவன் சொன்னதைச் சொன்னபடியே ஒலிக் குறியீடுகளில் எழுதிக்கொள்கிறார். மொழியின் ஒவ்வொரு மெய்யும், அது வரக்கூடிய ஒவ்வோர் இடத்திலும் சோதிக்கப்படும்படி இந்தப் படங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கின்றன. படம் முடிந்ததும் சும்மா பேச விடுகிறார்கள். நேற்று சாயங்காலம் என்ன விளையாடினாய்? தனிச் சொல்லில் ஒழுங்காக வரும் ஒலி பேச்சு வேகத்தில் காணாமல் போவதுண்டு.

தவறிலும் ஒரு இலக்கணம்

இப்போது சிகிச்சையாளரின் மேஜையில் ஒரு பட்டியல் இருக்கிறது. நம் பையனுடையதைப் பார்ப்போம். காக்கா - தாத்தா. கை - தை. மூக்கு - மூத்து. நகம் - நதம். தக்காளி - தத்தாளி. பூனை, மீன், பால், பட்டம் எல்லாம் சரி.

பெற்றோருக்கு இது ஐந்து தவறு. சிகிச்சையாளருக்கு இது ஒரே தவறு. நாக்கின் பின்பகுதியில் பிறக்க வேண்டிய ஒலிகளையெல்லாம் குழந்தை நாக்கின் முன்பகுதிக்குக் கொண்டுவந்துவிடுகிறான். ஒரு விதி, தவறாமல் பின்பற்றப்படுகிறது. வீட்டில் 'குளறல்' என்று அழைக்கப்படும் பேச்சுக்குள் இவ்வளவு கச்சிதமான இலக்கணம் இருப்பதை 1970களில் மொழியியலாளர்கள் விரிவாக எடுத்துக்காட்டினார்கள். டேவிட் இங்ரம் 1976இல் எழுதிய நூல் இதில் ஒரு மைல்கல். அதுவரை ஒவ்வோர் ஒலியாகத் திருத்திக்கொண்டிருந்தவர்கள், ஒலிகளின் அமைப்பையே பார்க்கத் தொடங்கினார்கள்.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த அணுகுமுறை அந்நியமாகத் தோன்றாது. தொல்காப்பியத்தின் பிறப்பியல் முழுக்க இதுதான். உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு என்ற இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு பொருந்தி எழுத்தாகிறது என்கிறது அந்த இயல். நாக்கின் அடிப்பகுதி அண்ணத்தைப் பொருந்தினால் ககரம். நாக்கின் நுனி பரந்து பல்லின் அடியைப் பொருந்தினால் தகரம். நம் பையன் முதல் விதியை விட்டுவிட்டு இரண்டாவது விதியை இரண்டு இடத்திலும் பயன்படுத்துகிறான். அவ்வளவுதான்.

பாட்டியிடம் அவன் கோபித்துக்கொண்டதற்கும் விளக்கம் இருக்கிறது. 1960இல் ஜீன் பெர்கோ, ரோஜர் பிரவுன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு குழந்தையைப் பற்றி எழுதினார்கள். ஃபிஷ் என்ற மீனை அது 'ஃபிஸ்' என்று சொல்லும். பெரியவர்கள் 'ஃபிஸ்ஸா?' என்று கேட்டால் மறுக்கும். 'ஃபிஷ்ஷா?' என்று கேட்டால்தான் ஒப்புக்கொள்ளும். குழந்தையின் காதுக்கு வேறுபாடு தெரிகிறது, வாயில்தான் வரவில்லை. ஆகவே 'காக்கான்னு சொல்லுடா' என்று நூறு தடவை சொல்வதில் பயனில்லை. அவன் சொன்னது அதைத்தான் என்று அவன் நினைக்கிறான்.

எவ்வளவு கடுமை?

கோளாறின் அளவை எண்ணாலும் சொல்ல முடியும். 1982இல் அமெரிக்காவில் லாரன்ஸ் ஷ்ரிபெர்க், ஜோன் குவியட்கோவ்ஸ்கி இருவரும் வகுத்த முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. குழந்தையின் இயல்பான பேச்சில் வந்த மெய்யொலிகளை எண்ணி, எத்தனை சரி என்று சதவிகிதம் போடுவது. 85க்கு மேல் என்றால் லேசான குறை. 65 முதல் 85 வரை லேசுக்கும் நடுத்தரத்துக்கும் இடையில். 50 முதல் 65 வரை நடுத்தரத்துக்கும் கடுமைக்கும் இடையில். 50க்குக் கீழே கடுமை. ஆறு மாதம் கழித்து மறுபடி எண்ணினால் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும்.

இன்னொரு சோதனையும் முக்கியம். ஒரே சொல்லை வெவ்வேறு நேரத்தில் மூன்று முறை சொல்லவைப்பது. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் பணியாற்றிய பார்பரா டாட் வகுத்த முறையில் 25 படங்களை மூன்று சுற்றாகக் காட்டுகிறார்கள். தக்காளி மூன்று முறையும் 'தத்தாளி' என்றே வந்தால் விதி நிலையாக இருக்கிறது. முதலில் 'தத்தாளி', பிறகு 'கப்பாயி', பிறகு 'தாளி' என்று வந்தால் விஷயம் வேறு. 25இல் 40 சதவிகிதம் அல்லது அதற்கு மேல் இப்படி மாறிக்கொண்டே இருந்தால் அது தனி வகைக் கோளாறு, சிகிச்சையும் தனி. மூளை வாய்க்கு இடும் கட்டளையின் திட்டமிடுதலே தடுமாறும் 'அப்ராக்ஸியா' என்ற அரிதான நிலையா என்பதையும் இந்த இடத்தில்தான் யோசிக்கிறார்கள்.

கடைசியாக, சிகிச்சையாளர் ஒலியைத் தானே சொல்லிக் காட்டி, குழந்தையைத் திருப்பிச் சொல்லச் சொல்கிறார். வாயைப் பார்த்து, குறிப்புக் கொடுத்தால் வருகிறதா? வந்தால் அந்த ஒலி வாசற்படியில் நிற்கிறது என்று பொருள். கொஞ்சமும் வராத ஒலிக்குத்தான் உதவி அதிகம் தேவை.

எந்த மொழியின் அளவுகோல்?

இனி, அந்த வேலைக்கார அம்மாளின் மொழி பற்றிய கேள்வி. இந்தியாவில் பேச்சுச் சிகிச்சையின் நடுநாயகமான சிக்கலே இதுதான்.

இந்தத் துறை நம் நாட்டுக்கு ஆங்கிலப் புத்தகங்களோடு வந்தது. மைசூர் மானசகங்கோத்ரியில் அகில இந்திய பேச்சு, செவிப்புலன் நிறுவனம் 1965இல் தொடங்கப்பட்டது. மும்பையில் அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் 1983இல் வந்தது. ஆங்கிலச் சோதனைகள் ஒவ்வோர் ஒலியையும் சொல்லின் முதல், இடை, கடை என மூன்று இடத்தில் பார்க்கும். கன்னடச் சொற்களில் பெரும்பாலானவை உயிரில் முடிகின்றன. தமிழில் ட, ண, ள, ழ சொல்லுக்கு முதலில் வருவது மரபில்லை. ஆங்கில அளவுகோல் இங்கே எதை அளக்கும்? இதை உணர்ந்து 1972இல் கன்னடத்துக்கென்று ஓர் உச்சரிப்புச் சோதனை மைசூரில் உருவாக்கப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் தமிழ், தெலுங்கு, மலையாளம் ஆகியவற்றுக்கும் சோதனைகள் எழுதப்பட்டன.

மொழி தெரியாதவர் சோதித்தால் என்ன ஆகும்? டெல்லியில் வளரும் தமிழ்க் குழந்தை இந்தியில் சாப்பாட்டைக் குறிக்கும் சொல்லை மூச்சொலி இல்லாமல் 'கானா' என்று சொல்லலாம். தமிழில் மூச்சொலியே இல்லை. அது கோளாறு அல்ல, வீட்டு மொழியின் சாயல். கிராமத்துக் கன்னடத்தில் பலர் வாயில் ஹகரம் உதிர்ந்துவிடும். அந்த ஊர்க் குழந்தையின் பேச்சிலும் உதிரும். வாழைப்பழத்தை 'வாளப்பளம்' என்று பெற்றோரே சொல்லும் வீட்டில், பிள்ளைக்கு மட்டும் ழகரம் எங்கிருந்து வரும்? இவற்றைக் குறை என்று எழுதினால், இல்லாத நோய்க்குச் சிகிச்சை நடக்கும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. மொழி தெரியாதவர், 'வீட்டு மொழியின் பாதிப்பு' என்று சொல்லி உண்மையான கோளாறைத் தவறவிடலாம். ககரம் தகரமாவது எந்த இந்திய மொழியின் சாயலும் அல்ல. கன்னடக் குழந்தை காகத்தை, அதாவது 'காகெ'யை, 'தாதெ' என்றாலும் அதே விதிதான். இந்திக் குழந்தை வண்டியைக் குறிக்கும் 'காடி'யைத் தாடியாக்கினாலும் அதே விதிதான். எல்லா மொழியிலும் ஒரே மாதிரி தவறு வந்தால் அது கோளாறு. ஒரு மொழியில் மட்டும் வந்தால், அது பெரும்பாலும் மொழி கற்கும் வழியில் ஒரு படி.

வெளி மாநிலங்களில் வாழும் பெற்றோர் பலருக்கு ஓர் அறிவுரை கிடைத்திருக்கும். குழந்தைக்குக் குழப்பம், இனிமேல் வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்பதுதான் அது. இதற்கு ஆதாரம் கிடையாது. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சொலிக் கோளாறு வருவதில்லை. ஒரு மொழியை விட்டால் அது போய்விடுவதுமில்லை. போவது பாட்டியோடு பேசும் பேச்சுத்தான்.

கட்டும் தட்டும்

சிகிச்சை இரண்டு பெரிய வழிகளில் நடக்கிறது. முதல் வழி பழையது. தானே திக்குவாயால் அவதிப்பட்ட அமெரிக்கரான சார்லஸ் வான் ரைப்பர் 1939இல் எழுதிய பாடநூல் இதற்கு அடித்தளம். முதலில் காதைப் பழக்குவது, பிறகு ஒலியைத் தனியாக வரவழைப்பது, அசையில் சேர்ப்பது, சொல்லில், வாக்கியத்தில், கடைசியில் பேச்சில். ஒரு படியில் கால் ஊன்றிய பிறகே அடுத்த படி. ரகரம் மட்டும் வராத ஏழு வயதுப் பையனுக்கும், நாக்கு பல்லிடுக்கில் வந்து ஸகரம் கெடும் பெண்ணுக்கும் இந்த வழி பொருந்தும்.

நம் பையனைப் போல ஒரு வரிசை ஒலிகளையே மாற்றிவிடும் குழந்தைக்கு இரண்டாவது வழி. அவன் தொலைத்திருப்பது க, த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை. அந்த வேறுபாட்டால் பொருள் மாறும் என்பதை அவனே அனுபவித்து உணர வேண்டும். மேஜையில் ஜோடிப் படங்கள் பரப்பப்படுகின்றன. கட்டு, தட்டு. கோடு, தோடு. கை, தை. முதலில் சிகிச்சையாளர் சொல்வதைக் குழந்தை எடுத்துத் தருகிறான். இதில் அவன் தவறுவதில்லை. பிறகு இடம் மாறுகிறது. இவன் கேட்க வேண்டும், அவர் எடுத்துத் தருவார். விறகுக் கட்டு வேண்டுமென்று 'தட்டு' என்கிறான். அவர் சாப்பாட்டுத் தட்டை நீட்டுகிறார். இல்லை என்று தலையாட்டி மறுபடி 'தட்டு' என்கிறான். மறுபடியும் தட்டே வருகிறது. அவர் கண்டிக்கவில்லை, திருத்தவில்லை, கேட்டதைத் தருகிறார். 1981இல் ஃபிரெட்ரிக் வீனர் இரண்டு குழந்தைகளிடம் இந்த முறையைச் சோதித்து வெளியிட்டார். பயிற்சி தராத சொற்களிலும் மாற்றம் பரவியது என்பதுதான் அதன் சிறப்பு.

ஒலியே வரவில்லையென்றால் அதற்கும் உபாயங்கள் உண்டு. மல்லாக்கப் படுக்கவைத்தால் நாக்கு தானாகப் பின்னால் சரியும். வாய் கொப்பளிக்கும்போது தொண்டையருகே எழும் சத்தத்தைக் கவனிக்கச் சொல்வார்கள். ஐஸ்கிரீம் குச்சியால் நாக்கு நுனியை மெல்ல அழுத்தி வைத்தால், தகரம் சொல்ல நுனி எழ முடியாமல் பின்பகுதி எழும். முதல் தடவை ஒரு 'க்' கேட்கும்போது குழந்தையே திடுக்கிட்டுப் பார்ப்பான். தொல்காப்பியர் ககரத்துக்குக் காட்டிய இடத்தை நாக்கு அன்றுதான் தொடுகிறது.

ஒருமுறை வந்தால் போதாது. அரை மணி நேர அமர்வில் நூறு முறை வரை அந்த ஒலி வாயில் புரள வேண்டும். அதற்காகத்தான் அத்தனை பொம்மைகளும் தாயக்கட்டையும் தூண்டில் மீனும். விளையாட்டு என்று பிள்ளை நினைக்க, எண்ணிக்கை ஏறிக்கொண்டிருக்கும்.

அப்ராக்ஸியா உள்ள குழந்தைக்கு நிதானமான, அடிக்கடி நடக்கும் பயிற்சி வேண்டும். சிகிச்சையாளரின் வாயைப் பார்த்துக்கொண்டே, அவரோடு சேர்ந்து, மெதுவாகச் சில சொற்களைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழக வேண்டும். அண்ணப் பிளவோடு பிறந்த குழந்தைக்குக் கதை வேறு. காற்று மூக்கு வழியே போய்விடுவதால் 'பாப்பா' 'மாம்மா' ஆகிறது. சில குழந்தைகள் காற்றை வாயில் நிறுத்த முடியாமல் தொண்டையிலேயே வெட்டி ஒலிக்கப் பழகிவிடுகிறார்கள். அண்ணத்தை அறுவை சிகிச்சையில் மூடுவது வழக்கமாக ஒரு வயதையொட்டி நடக்கிறது. ஆனால் மூடிய பிறகும் பழைய பழக்கம் தானாகப் போகாது. ஆபரேஷன் முடிந்தது, வேலை முடிந்தது என்று ஊர் திரும்பும் குடும்பங்கள் இதைத்தான் தவறவிடுகின்றன.

ஊதலும் வசம்பும்

சில மையங்களில் இன்றும் மெழுகுவத்தி ஊதுதல், விசில், ஸ்ட்ராவில் உறிஞ்சுதல், நாக்கை வெளியே நீட்டி ஆட்டுதல் ஆகியவை பேச்சுப் பயிற்சி என்ற பெயரில் நடக்கின்றன. இவற்றால் உச்சரிப்பு சீராகும் என்பதற்கு நல்ல சான்று இல்லை. ஊதப் பழகினால் ஊத வரும். பேச வேண்டுமானால் பேசித்தான் பழக வேண்டும்.

'பிள்ளை வளர்ப்பான்' என்று பெயரெடுத்த வசம்பை உரைத்து நாக்கில் தடவுவதும் ககரத்தைக் கொண்டுவராது. நாக்கின் அடியில் உள்ள சவ்வு குட்டையாக இருப்பதுதான் காரணம் என்று வெட்டச் சொல்லி வரும் பெற்றோர் உண்டு. பெரும்பாலான பேச்சொலிக் கோளாறுகளுக்கு அது காரணமே இல்லை. ககரத்துக்கு நாக்கு நுனி எழவே வேண்டியதில்லை என்பதை நினைத்தாலே போதும்.

வீட்டில் என்ன செய்யலாம்? தினம் ஐந்து, பத்து நிமிடம், சிகிச்சையாளர் தந்த சொற்களை விளையாட்டாகச் சொல்லவைப்பது. மற்ற நேரங்களில் திருத்தாமல் இருப்பது. 'தாத்தா வந்திருக்கு' என்றால், 'ஆமா, காக்கா வந்திருக்கு. காக்காவுக்குச் சோறு வைக்கலாமா?' என்று சரியான வடிவத்தைக் காதில் போட்டுவிட்டுப் பேச்சைத் தொடர்வது. விருந்தாளிகள் முன் சொல்லிக்காட்டச் சொல்லாமல் இருப்பது.

யாரிடம், எங்கே?

இது வெறும் உச்சரிப்பு அழகு சம்பந்தப்பட்ட விஷயமல்ல. பள்ளியில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கும்போது ஒலிகளைப் பிரித்தறியும் திறன்தான் முதலீடு. கோளாறு பள்ளி வயதிலும் தொடர்ந்தால் படிப்பிலும் எழுத்திலும் திணறும் ஆபத்து கூடுகிறது. நாலு பேர் முன் வாய் திறக்கக் கூசும் பழக்கம் அதைவிடப் பெரிய இழப்பு.

வழிகள் இருக்கின்றன. 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்திய காரியக்ரம் திட்டத்தில் அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் குழந்தைகளைப் பரிசோதித்து, மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புகிறார்கள். அங்கே செவி, பேச்சு நிபுணர் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரிக்கும் 21 வகைகளில் பேச்சு, மொழிக் குறைபாடும் ஒன்று. மைசூர், மும்பை நிறுவனங்களைத் தவிர, திருவனந்தபுரத்தில் 1997இலும் சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 2005இலும் தொடங்கிய நிறுவனங்கள் இருக்கின்றன. பெரிய மருத்துவக் கல்லூரிகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவிலும் விசாரிக்கலாம். 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று சிகிச்சையாளரிடம் கேட்பது மரியாதைக் குறைவல்ல.

சிக்கல் தூரம்தான். வாரம் இரண்டு அமர்வு என்றால் கூலி வேலைக்குப் போகும் தாய்க்கு வாரம் இரண்டு நாள் சம்பளம் போகும். நிபுணர்கள் நகரங்களில் குவிந்திருக்கிறார்கள். 2020இல் கொரோனா ஊரடங்கின்போது பரவலான வீடியோ சிகிச்சை, இந்தத் தூரத்தைக் கொஞ்சம் குறைத்திருக்கிறது. மொழியின் தூரத்தையும் அது குறைக்க முடியும். புனேயில் வாழும் தமிழ்க் குழந்தைக்குத் தமிழ் பேசும் சிகிச்சையாளர் பக்கத்துத் தெருவில் கிடைக்க மாட்டார். ஆனால் மாதத்துக்கு ஒருமுறை மதிப்பிடவாவது திரையில் கிடைப்பார்.

எப்போது காட்ட வேண்டும்?

- எந்த வயதிலும், காது சரியாகக் கேட்கவில்லை என்ற சந்தேகம் வந்தால்.
- மூன்று வயதில் வீட்டாருக்கே பாதிப் பேச்சு புரியாவிட்டால்.
- நான்கு வயதில் வெளியாட்களுக்கு அம்மா மொழிபெயர்க்க வேண்டியிருந்தால்.
- ககரம் தகரமாவது, சொல்லின் முதல் ஒலி உதிர்வது போன்றவை நான்கு வயதிலும் நீடித்தால்.
- உயிரொலிகளே மாறி ஒலித்தால், அல்லது ஒரே சொல் ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி வந்தால்.
- பேச்சு மூக்கு வழியே வந்தால், பால் மூக்கில் ஏறினால்.
- பேசிவந்த பிள்ளை பேச்சைக் குறைத்துக்கொண்டால், பேச வேண்டிய இடங்களைத் தவிர்த்தால்.

பெங்களூர்ப் பையனின் கதை இந்தக் கடைசி வரியில்தான் தொடங்கியது. சில வாரங்களில் 'கூ' வந்தது, பிறகு 'கோ', பிறகு 'கோடு'. தட்டு தட்டாகவும் கட்டு கட்டாகவும் பிரிந்தன. இடையில் ஒரு கட்டத்தில் ஊக்கம் மிகுந்து தாத்தாவையே 'காக்கா' என்று கூப்பிட்டான். வேறுபாடு பிடிபடும்போது இப்படி மறுபக்கம் சாய்வது நல்ல அறிகுறி என்கிறார்கள் சிகிச்சையாளர்கள். தாத்தா மறுப்புச் சொல்லவில்லை.

ஒரு நாள் சிகிச்சை அறையின் வரவேற்பில் பதிவேட்டை எழுதிக்கொண்டிருந்த பெண் வழக்கம்போல், "உன் பேர் என்னப்பா?" என்று கேட்டார். அம்மா பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பையன் மெதுவாக, நாக்கைப் பின்னுக்கு இழுத்து, தன் பெயரைச் சொன்னான். அந்தப் பெண் எழுதிக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். அவருக்கு அதில் விசேஷமாக எதுவும் தெரியவில்லை. முதல் தடவையிலேயே புரிந்துவிட்டது.